கடைசியாகக் கிளம்புகிறவர்

"சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நான் சொன்னதும் என் இணைய வகுப்புத் திரையில் இருக்கிற கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். துபாயில் கிரேன் ஓட்டுகிறவர்தான் எப்போதும் முதலில் ஓடுவார். அடுத்தது போலீஸ்காரர். அப்புறம் மற்றவர்கள் கும்பலாக. கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருக்கும். கேமரா அணைந்திருக்கும், நடுவில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் ஒரு பெயரின் முதல் எழுத்து. நான் வெளியேறுகிற வரைக்கும் அந்த வட்டம் அசையாது.

முதல் மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் அவசரக்காரி. வகுப்பு முடிந்த மறுநிமிடம் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெரவியில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏதாவது சந்தேகமா அக்கா என்று. மைக்கைத் திறந்தார். "இல்ல மிஸ். நீங்க இருக்கிறப்ப நான் எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காது. நீங்க போங்க, நான் பின்னாடி போயிக்கிறேன்."

அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை மிஸ் என்றார். பெயரைச் சொல்லி எழுத எனக்கு உரிமை இல்லை, அதனால் இங்கேயும் அவர் வெறும் அவர்தான்.

காரைக்காலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள், அதுதான் எங்கள் கல்லூரி. மற்றதெல்லாம் இணையத்தில். வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை பெற்றவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் வீட்டிலிருந்தே பட்டம் வாங்கலாம். நான் அங்கே வரலாறு நடத்தினேன். வாரம் இரண்டு நேரலை வகுப்பு. மீதிப் பாடங்கள் வீடியோவாக ஏற்றியிருக்கும். யார் எத்தனை நாளாக உள்ளே வரவில்லை என்று சிவப்பில் காட்டுகிற ஒரு பட்டியலும் உண்டு. சிவப்பானவர்களுக்குப் போன் செய்து கெஞ்சுவதும் என் வேலைதான். அவர் பெயர் ஒருநாளும் சிவப்பானதில்லை.

எதையும் கடைசிவரை கேட்கிற பழக்கம் அவருக்கு. நாங்கள் ஏற்றிவைத்த வீடியோக்களை மற்றவர்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி, நடுவில் தாவி, தேர்வுக்கு வருகிற பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர் முதல் இசையிலிருந்து கடைசி இசை வரைக்கும் பார்ப்பார். ஒரு தடவை தயங்கித் தயங்கிப் போன் செய்தார். மூன்றாவது பாடத்தின் கடைசியில் நான் ஒன்று சொல்கிறேனாம், அது பாடத்தில் உள்ளதா, குறித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். பாடம் முடிந்து, பதிவை நிறுத்த மறந்து, "அப்பாடா, தொலைஞ்சுது. இதை எவன் பாடத்திட்டத்துல வச்சானோ" என்று நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதமாக அது ஊருக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் துறைத் தலைவர் உட்பட ஒருவர்கூட அந்த இடம் வரைக்கும் வரவில்லை. அவர் அப்பாவியாகத்தான் கேட்டாரா, என்னைக் கிண்டல் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறவர். போனில் அது எப்படித் தெரியும்.

தமிழில் தட்டச்சு செய்ய வராது என்பதால் சந்தேகங்களை வாட்ஸப்பில் குரலாக அனுப்புவார். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவேன். அந்த வேகத்தில் அவருடைய நிதானமான குரல் யாரோடோ சண்டை போடுவதுபோல் கேட்கும். பாதி கேட்டதும் பதில் போட்டுவிடுவேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு குரல் வரும். "மிஸ், கோவிச்சுக்காதீங்க, நான் கேட்டது அது இல்ல, கடைசியில கேட்டேன்ல, அது." அவருடைய உண்மையான கேள்வி எப்போதும் "சரி மிஸ், வச்சிடுறேன்" என்று சொன்னதற்குப் பிறகுதான் வரும். பலமுறை மாட்டியும் எனக்குப் புத்தி வரவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னார். கல்யாணமாகி நாற்பதாம் நாள் கணவர் கப்பல்துறை வேலைக்கு வளைகுடா போய்விட்டார். வாரத்துக்கு ஒரு அழைப்பு, அதுவும் பக்கத்து வீட்டுப் போனில். மாமியார், மாமனார், நாத்தனார் எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியாக இவர் கைக்கு வரும். "வச்சிடட்டுமான்னு கேப்பாங்க மிஸ். அதுக்கப்புறம்தான் உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லுவாங்க. நான் முன்னாடியே வச்சிட்டா அது எனக்குக் கிடைக்காதுல்ல." அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் இவர் முதலில் போனை வைத்ததில்லையாம். சொல்லிவிட்டு, வைக்கிறப்பதான் முக்கியமானது ஞாபகம் வரும் என்றார். அன்றைக்கும் நான்தான் முதலில் வைத்தேன்.

அவருடைய படிப்பே அந்தக் கணவரின் யோசனைதான். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர். மகள் படிக்கிற பள்ளியில் நூலக உதவியாளர் வேலை இருந்தது. பட்டம் இருந்தால் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் அங்கிருந்து மடிக்கணினி கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமைதோறும் போனில், இந்த வாரம் என்ன பாடம் என்று கேட்பாராம். இவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பாராம். "பழைய காலத்துத் துறைமுகமெல்லாம் எங்க இருந்துச்சுன்னு சொன்னேன் மிஸ். அவங்க நிக்கிற துறைமுகத்தை எனக்குச் சொன்னாங்க." அதைச் சொன்னபோது நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண்ணின் குரலில் இருந்த வெட்கம் எனக்கு அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது.

என் வேலையை அவர் செய்துகொடுத்த கதையும் உண்டு. போலகம் கிராமத்திலிருந்து ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, பட்டியலில் சிவப்பாகிக்கொண்டே இருந்தாள். நான் நான்கு தடவை போன் செய்து, எடுக்கவில்லை என்று குறித்துவிட்டு விட்டுவிட்டேன். ஒருநாள் வகுப்பு முடிந்து நான் வெளியேறிய பிறகும் அந்த இணைப்பில் இரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள். இவரும் அந்தப் பெண்ணும். இவர் சும்மா இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணும் சும்மா இருந்திருக்கிறாள். ஐந்து நிமிடம் கழித்து அவள் அழ ஆரம்பித்திருக்கிறாள். மாதம் பாதியிலேயே நெட் தீர்ந்துவிடுகிறது, வீடியோ ஓடவில்லை, கேட்க வெட்கம். மறுநாள் எனக்கு ஆறு நிமிடக் குரல் வந்தது. அதன் கடைசி அரை நிமிடத்தில்தான் விஷயம் இருந்தது. வீடியோவை விட்டுவிட்டு வெறும் குரலை மட்டும் சின்னக் கோப்பாகப் போட முடியுமா என்று கேட்டிருந்தார். போட்டேன். அந்தப் பெண் மட்டுமல்ல, இன்னும் ஏழெட்டுப் பேர் சிவப்பிலிருந்து வெளியே வந்தார்கள். கல்லூரிக் கூட்டத்தில் இது என் யோசனை என்று பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று முடிவானது. கணினியின் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். முகமும் குரலும் பதிவாகும். ஒரு மென்பொருள் அதை அலசி, சந்தேகப்படுகிற இடங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். அந்தத் துண்டுகளை ஆசிரியர்கள் பார்த்து, முறைகேடு உறுதி என்றோ தள்ளுபடி என்றோ அழுத்த வேண்டும். இதை வகுப்பில் விளக்கும்போது, கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்று, "நான் உங்க ஒவ்வொருத்தரையும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்லிவைத்தேன். வாத்தியார்கள் சொல்கிற பொய். எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

அந்த மென்பொருளைத் தன் கணினியில் போடத் தெரியவில்லை என்று கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் மாடி வீடு. குள்ளமான உருவம், பெரிய கண்ணாடி, மடிக்கணினியைத் தொடுவதற்கு முன் கையைத் துணியில் துடைத்துக்கொள்கிற பழக்கம். கடல்பாசி இனிப்பும் தேநீரும் வைத்தார். மேசையை அவர் உள்ளறைச் சுவரோரம் போட்டிருந்தார். முகத்தில் வெளிச்சம் விழவில்லை, மென்பொருள் ஏற்காது என்று சொல்லி நான்தான் அதை ஜன்னலருகே இழுத்துப் போடச் சொன்னேன். ஜன்னலுக்கு நேர் எதிரே, தென்னைக்கு மேலே, பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தெரிந்தது.

நான் கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூன்றரை மணிக்குத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டார். துப்பட்டாவை நெற்றி வரைக்கும் இழுத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, ஒலிபெருக்கியில் ஒரு வரி முடிந்ததும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி அமைதி, மறுபடி உதட்டசைவு. நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பாங்கைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நேரம் தெரியும். ஆனால் கேட்கிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள் என்பதை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முடிந்ததும் இரண்டு கைகளையும் ஏந்தி, ஏதோ சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டார். "ம், சொல்லுங்க மிஸ்" என்றார். அதற்குள் நான் என் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். கல்லூரிக் கணக்கில் தன் கணவரின் மின்னஞ்சல்தான் இருக்கிறது. தனக்கென்று ஒன்று ஆரம்பித்துக் கொடுக்க முடியுமா என்றார். சேர்க்கையின்போது அவருக்கு மின்னஞ்சல் இல்லை என்றதும், புதிதாகத் தொடங்கப் பத்து நிமிடம் ஆகும் என்று, கணவருடையதை வாங்கிப் போட்டவளும் நான்தான். அப்புறம் பண்ணிக்கலாம் அக்கா என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தேர்வு முடிந்து துண்டுகள் வந்து குவிந்தன. இரண்டு நாளில் முடிக்கச் சொல்லித் தலைவர் உத்தரவு. அந்த மென்பொருளுக்கு மனிதர் என்றால் கண், வாய், சத்தம், அவ்வளவுதான். குழந்தை ஓடினால் ஒரு துண்டு, கொசு அடித்தால் ஒரு துண்டு. பக்கத்து மேசையில் இன்னொருவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்ததால் நான் சத்தத்தை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினேன். பார்க்க, அழுத்த, பார்க்க, அழுத்த. அந்த அக்காவின் துண்டும் வந்தது. மேலே மூன்று காரணங்கள் எழுதியிருந்தன: பார்வை விலகல், வாய் அசைவு, வேறொரு ஆண் குரல். படத்தில் அவர் தலைத்துணியை இழுத்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்துகிறார். உதடு அசைகிறது, நிற்கிறது, அசைகிறது. யாரோ பதில் சொல்லிக்கொடுக்க, இவர் திருப்பிச் சொல்லி மனதில் வைப்பதுபோல் அப்படியே இருந்தது. ஐயோ அக்கா நீங்களுமா என்று ஒரு கணம் வருத்தப்பட்டேன். பாதியிலேயே நிறுத்தி உறுதி என்று அழுத்திவிட்டு அடுத்த துண்டுக்குப் போனேன்.

இதில் நான் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் இல்லை. அதே ஜன்னல், அதே மேசை. அந்த உதட்டசைவை மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. அவர் குரலில் நிதானம் இல்லை. கல்லூரியிலிருந்து தானாகப் போன கடிதம் அவர் கணவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. தேர்வு நேரத்தில் மாணவியின் அறையில் வேறொரு ஆணின் குரல் பதிவாகியிருக்கிறது, ஆசிரியர் பார்த்து உறுதி செய்திருக்கிறார், தாள் ரத்து. கணவர் அதைக் கைப்பேசியில் படித்திருக்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம், வேலைக்கு நடுவில்.

"யாரு அதுன்னு கேட்டாங்க மிஸ். வீட்டுல யாருமே இல்லன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லல. வச்சிட்டாங்க."

நான் ஆசிரியையின் குரலில், மென்பொருள் காட்டியது அக்கா, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மிஸ்? முழுசா?"

"பாத்தேன்க்கா. முழுசா பாத்தேன்."

"அப்ப சரி மிஸ்" என்றார். நான் பார்த்தேன் என்று சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. அப்படியானால் உண்மையிலேயே ஏதோ ஒரு குரல் இருந்திருக்க வேண்டும் என்று தன் வீட்டையே சந்தேகப்பட ஆரம்பித்தார். கீழே மீன்காரர் வந்தாரா, பக்கத்து வீட்டு டிவியா என்று அவரே அடுக்கினார். பாங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குப் பாங்கு ஞாபகத்திலேயே இல்லை. கடைசியில், வைக்கிறேன் என்று சொன்ன பிறகு, வழக்கம்போல உண்மையான விஷயத்துக்கு வந்தார். "அந்தக் குரல் என்ன பேசுதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மிஸ். அதைச் சொன்னா அவங்க நம்புவாங்க."

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். பதினோரு நாள் கேட்கவில்லை. உறுதி என்று அழுத்தியதை மாற்ற வேண்டுமானால் காரணம் எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்தால் என் தவறு தவறென்று ஆகாது, இதுதான் உள்ளே இருந்த கணக்கு. அந்தப் பதினோரு நாளில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் வந்துபோயின.

போலகத்துப் பெண்தான் என்னை அசைத்தாள். அக்கா வகுப்புக்கு வருவதில்லையே, பட்டியலில் சிவப்பாகியிருப்பார்களே, நீங்கள் போன் செய்யவில்லையா மிஸ் என்று கேட்டாள். பட்டியலைத் திறந்தேன். முதல்முறையாக அந்தப் பெயர் சிவப்பில் இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, அந்தத் துண்டைச் சாதாரண வேகத்தில் ஓட்டினேன். ஜன்னல் வழியாகப் பாங்கு. அவ்வளவுதான் அந்த ஆண் குரல். ஒரு வரி, ஒரு உதட்டசைவு. நான் நிறுத்திய இடத்தைத் தாண்டியும் அது ஓடியது. பாங்கு முடிந்தது. இரண்டு கைகளையும் ஏந்தினார். சத்தமே இல்லாமல் பார்த்திருந்தால்கூட இந்த இடம் வரைக்கும் வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து, கேமராவை நேராகப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாங்கு சொன்னாங்க மிஸ், அதான் நிறுத்திட்டேன். இதோ எழுதிடுறேன்."

துண்டு அத்தோடு முடிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று நம்பி, அவர் அப்போதே என்னிடம் சொல்லிவிட்டிருக்கிறார். முழுசா பார்த்தேன் என்று நான் சொன்னதும், பாங்கு விஷயம் மிஸ்ஸுக்குத் தெரியும், அப்படியானால் இது வேறு ஏதோ குரல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அவர் பாங்கைச் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது.

தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டைப் பார்த்தார், எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பாங்கு கேட்டதைக் காப்பியடித்தது என்று போட்டோம் என்று வெளியே தெரிந்தால் இந்த ஊரில் என்ன ஆகும் தெரியுமா என்றார். தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதுங்கள், பாங்கு என்கிற வார்த்தையே வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் என் தவறும் அதற்குள் மறைந்துவிடும் என்பதும் தெரியும். எழுதினேன். தாள் திரும்பக் கிடைத்தது. வகுப்பிலேயே அவருக்குத்தான் அதிக மதிப்பெண். கணவரின் மின்னஞ்சலுக்கு ஒரு வரி போனது: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்படுகிறது.

அவருக்குப் போன் செய்து, அது பாங்குதான் அக்கா என்று சொன்னேன்.

"பாங்கா மிஸ்?" என்றார். பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், புரியாததைக் கேட்கிற மாணவியாக, "நான்தான் உங்கள்ட்ட சொன்னேனே. நீங்க முழுசா பாத்தேன்னீங்களே" என்றார்.

அவர் அதை மறுபடி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவங்களுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க மிஸ். பாங்குன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா சமாளிக்கிறேன்னு நினைப்பாங்க."

மெயில் போய்விட்டது அக்கா, கோளாறு என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம் என்றேன்.

"பாங்குன்னு போடலையா?"

"எல்லாம் ஒண்ணுதான்க்கா."

கோளாறு என்றால் என்ன அர்த்தம்? குரல் இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு அது அப்போதே தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஒரு வண்டி போனது. வைக்கும்போதுதான் முக்கியமானது வரும் என்று நம்புகிறவர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வந்தது. நம்பர் குடுங்க அக்கா, நானே பேசுறேன், தப்பு என்னுடையது, நான் பார்க்கவே இல்லை என்று சொல்கிறேன். வாய் வரைக்கும் வந்தது. "சரிக்கா, வச்சிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பேசவில்லை. கடைசி ஆண்டுக்கு அவர் சேரவில்லை. தொண்ணூறு நாள் சிவப்பில் இருக்கிற பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி, நீக்கியது நான்தான். நூலக வேலைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். போலகத்துப் பெண் பட்டம் வாங்கிவிட்டாள். எப்போதாவது அவளிடமிருந்து செய்தி வரும். கணவர் இரண்டு தடவை ஊருக்கு வந்து போனாராம். சண்டையெல்லாம் இல்லையாம். வெள்ளிக்கிழமை போன் வருகிறதாம், மகளுக்கு. மகள் பேசி முடித்ததும் அந்தப் பக்கம் வைத்துவிடுகிறார்களாம்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. துண்டுகளை இப்போது சத்தத்தோடு, கடைசிவரை பார்க்கிறேன். மற்றவர்களைவிட எனக்கு இரண்டு நாள் அதிகம் ஆகிறது என்று தலைவர் குறைப்பட்டுக்கொள்கிறார். இதனால் அந்த அக்காவுக்கு எந்த லாபமும் இல்லை என்பதை அறிந்தேதான் செய்கிறேன்.

கல்லூரி அந்தப் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டது. அந்த ஒரு துண்டை மட்டும் நான் என் போனில் எடுத்து வைத்திருக்கிறேன்; விதிப்படி குற்றம்தான். சேர்க்கைப் படிவத்தில் இருந்த அந்தக் கணவரின் எண்ணும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு தடவை விரலை வைத்தால் போதும். ஒலிபெருக்கிக் குரலை அவர் கேட்பார். மனைவி கை ஏந்துவதைப் பார்ப்பார். கடைசியில் மனைவி என்னிடம் சொல்வதையும் கேட்பார். கூடவே நான் யார், என்ன செய்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிடுவோம், எழுதி முடித்ததும் அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இதை ஆரம்பித்தேன். இதோ, எழுதி முடித்துவிட்டேன்.